கடைசி ஆளின் வேகம்தான் குழுவின் வேகம்: வாராந்திர கிராமப்புற நடைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதன்முதலில் ஒரு நடைக்குழுவோடு நான் போனபோது கடைசி ஆள் நான்தான். முன்னால் போனவர்கள் நல்லவர்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எனக்காகக் காத்திருந்தார்கள். ஆனால் நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததுமே "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்று நடக்கத் தொடங்கிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓய்வே தேவைப்படாதவர்களுக்கு ஐந்தாறு முறை ஓய்வு கிடைத்தது, ஓய்வு தேவைப்பட்ட எனக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் நான் போகவில்லை. சில மாதம் கழித்து வேறொரு குழுவோடு போனேன், அங்கே ஒருவர் எனக்குப் பின்னாலேயே, என்னை அவசரப்படுத்தாமல், பேசிக்கொண்டே வந்தார். அவரும் மெதுவாக நடப்பவர் போல என்று நினைத்துக்கொண்டேன். நடை முடிந்த பிறகுதான் தெரிந்தது, கடைசியில் வருவதுதான் அன்றைக்கு அவருக்கு ஒப்படைத்த வேலை, உண்மையில் அந்தக் குழுவிலேயே வேகமாக நடப்பவர் அவர்தான் என்று. அந்தக் குழுவை விட்டு நான் இன்னும் விலகவில்லை.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கும். சேர நினைப்பவர்களுக்கு முதல் பாதி, நடத்த நினைப்பவர்களுக்கு இரண்டாம் பாதி. ஆனால் இரண்டையும் படித்துவிடுங்கள், ஏனென்றால் ஆறு மாதம் ஒழுங்காக வந்தால் யாராவது உங்களிடம் "அடுத்த வாரம் நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்கத்தான் போகிறார்கள்.

படி 1: உங்கள் அளவு என்ன என்று முதலில் பாருங்கள்

"தினமும் நடக்கிறேனே" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சமதளத்தில், தார்ச்சாலையில் அல்லது பூங்காவில் முக்கால் மணி நேரம் நடப்பவர்கள். வரப்பு, மண்சாலை, கல் பாதை, ஏற்ற இறக்கம் என்று மூன்று மணி நேரம் நடப்பது வேறு வேலை. குழுவில் சேர்வதற்கு முன் இரண்டு வாரம், நிற்காமல் ஒன்றரை மணி நேரம், முதுகில் சின்னப் பையோடு நடந்து பாருங்கள். மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் வலி தெரிவது பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட பரிந்துரை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. வார நடை ஒன்றிலேயே அந்தக் கணக்கின் பெரும்பகுதி முடிந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் ஆறு நாள் நாற்காலி, ஏழாம் நாள் 12 கிலோமீட்டர் என்றால் உடம்பு கோபித்துக்கொள்ளும். நடுவில் இரண்டு நாளாவது அரை மணி நேரம் நடங்கள். இதய நோய், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், அண்மையில் அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேருங்கள்.

படி 2: குழுவைத் தேர்ந்தெடுப்பது

எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை மலை ஏறினார்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, கடைசியில் யார் வருவார்கள்? இதற்கு உடனே ஒரு பெயரோ ஒரு முறையோ பதிலாக வந்தால் நல்ல குழு; "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்றால் கொஞ்சம் யோசியுங்கள். இரண்டு, பாதையை யாராவது முன்கூட்டியே நடந்து பார்த்தார்களா? மூன்று, நடுவழியில் என்னால் முடியவில்லை என்றால் எங்கே விலகலாம்?

"சுலபமான நடை" என்ற சொல்லை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். சொல்பவருக்குச் சுலபம் என்பதுதான் அதன் பொருள். தூரம் எத்தனை கிலோமீட்டர், மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று எண்ணில் கேளுங்கள். 150 மீட்டர் ஏற்றத்தோடு 8 கிலோமீட்டர் ஒரு நடை, 500 மீட்டர் ஏற்றத்தோடு அதே 8 கிலோமீட்டர் இன்னொரு நடை. இரண்டுக்கும் பெயர் 8 கிலோமீட்டர்தான்.

முதல் நாள் போகும்போது தலைவரிடம் உங்கள் உடல்நிலையைச் சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா, சர்க்கரை, பூச்சிக்கடி ஒவ்வாமை, முழங்கால் எதுவாக இருந்தாலும் சரி. மருந்து பையில் எந்த அறையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் தேவைப்படும் நேரத்தில் அதை எடுப்பது நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

படி 3: கால், பிறகுதான் மற்றதெல்லாம்

செலவு செய்வதென்றால் ஷூவில் செய்யுங்கள். சாயங்காலம் போய் வாங்குங்கள், பகல் முழுக்க நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. நடைக்குப் போடும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடித்து நகம் கறுத்துவிடும். கடையில் சரிவான பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். புது ஷூவோடு நேராக நீண்ட நடைக்கு வருபவரை ஒவ்வொரு மாதமும் ஒருவராவது பார்க்கிறேன், திரும்பும்போது அவர் நொண்டிக்கொண்டுதான் வருவார். வீட்டைச் சுற்றி ஒரு வாரம் போட்டு நடந்து பழக்கிவிட்டு வாருங்கள்.

கொப்புளத்துக்குக் காரணம் உராய்வும் ஈரமும். பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதனால் கம்பளி அல்லது செயற்கை இழை கலந்தது நல்லது. இதைவிட முக்கியம், குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்த அந்த நிமிடமே நிற்பது. "அடுத்த ஓய்வில் பார்த்துக்கலாம்" என்று நாம் எல்லாரும் நினைப்போம், அடுத்த ஓய்வுக்குள் கொப்புளம் வந்திருக்கும். குழுவை நிறுத்தச் சங்கடமாக இருந்தால் கடைசி ஆளிடம், அதாவது கடைசியில் வரும் வேலையை ஏற்றிருப்பவரிடம், சொல்லுங்கள், அவர் அதற்குத்தான் இருக்கிறார். ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து, அந்த இடத்தில் மருத்துவ டேப் ஒட்டுவதற்கு மூன்று நிமிடம் போதும்.

பையில் அதிகம் வேண்டாம். தண்ணீர், மணிக்கு அரை லிட்டர் என்ற கணக்கில், வெயில் என்றால் கூடுதலாக. தொப்பி, மழை அங்கி, கொஞ்சம் உப்பும் இனிப்புமாகத் தின்ன ஏதாவது, டேப், சின்ன டார்ச், உங்கள் மருந்து, அப்புறம் ஒரு விசில். விசிலைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மலைப்பகுதிகளில் பன்னாட்டு அளவில் ஒப்புக்கொண்ட ஆபத்துக் குறி ஒன்று உண்டு: ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை ஊதிப் பதில் தருவார். கத்தினால் சீக்கிரம் தொண்டை கட்டிவிடும், விசிலுக்கு அந்தக் கவலை இல்லை.

மொபைலில் வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் மொபைல் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைக் காலி செய்யும். விமானப் பயன்முறையில் போட்டாலும் பெரும்பாலான மொபைல்களில் ஜிபிஎஸ் வேலை செய்யும், இது பலருக்குத் தெரிவதில்லை.

படி 4: பாதையைப் போடுவது

இனி நடத்துபவர்களுக்கு. காகித வரைபடம் வைத்திருந்தால் அளவுகோலைப் பாருங்கள்: 1:25,000 வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், 1:50,000 வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். சம உயரக் கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சாய்வு குறைவு.

நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய விதி இருக்கிறது. வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் 1892ல் சொன்னது. இன்றைய அளவில் சொன்னால் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம், அதாவது ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு நிமிடம். 9 கிலோமீட்டர் தூரம், 180 மீட்டர் ஏற்றம் என்று வையுங்கள். தூரத்துக்கு 1 மணி 48 நிமிடம், ஏற்றத்துக்கு 18 நிமிடம், மொத்தம் 2 மணி 6 நிமிடம். ஆனால் இது நல்ல உடல்வாகு கொண்ட ஒருவர் எங்கும் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். பன்னிரண்டு பேர், ஒருவர் ஷூ லேஸ் கட்ட, இன்னொருவர் பறவையைப் படம் பிடிக்க, நடுவில் இருபது நிமிட ஓய்வு என்றால் அந்த மொத்த நேரத்தில் பாதியை அதோடு கூட்டுங்கள். மூன்றே கால் மணி நேரம் என்று அறிவியுங்கள். சீக்கிரம் முடிந்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

முடியும் நேரம் சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரமாவது முன்னதாக இருக்கட்டும். வழியில் சந்தேகம் வந்தால் கையை நீட்டி, விரல்களைக் கிடைமட்டமாகச் சேர்த்து, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே எத்தனை விரல் பிடிக்கிறது என்று பாருங்கள். ஒரு விரலுக்குச் சுமார் 15 நிமிடம். தோராயம்தான், ஆனால் "இன்னும் வெளிச்சம் இருக்கே" என்ற மிதப்பைக் குறைக்க இது போதும்.

யார் நிலம் என்பதையும் பாருங்கள், இதில் நாட்டுக்கு நாடு கதை வேறு. ஸ்வீடனில் பிறர் நிலத்திலும் சேதம் செய்யாமல் நடக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு, ஸ்காட்லாந்தில் 2003ம் ஆண்டுச் சட்டம் அதே போன்ற உரிமையைத் தருகிறது. இங்கிலாந்தில் பொது நடைபாதைகள் வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். அங்கேயும் அது சும்மா வந்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில், வேட்டைக்காக மூடி வைத்திருந்த இடத்துக்குள் நூற்றுக்கணக்கானோர் வேண்டுமென்றே நடந்து போனார்கள், அதற்காக ஐந்து பேர் சிறைக்கும் போனார்கள். இப்படிப்பட்ட உரிமை எதுவும் இல்லாத இடத்தில் வழி ஒன்றுதான்: நிலத்துக்காரரைப் பார்த்துக் கேட்பது. ஒருமுறை மரியாதையாகக் கேட்டு, போன சுவடு தெரியாமல் நடந்துவிட்டு வந்தால் அடுத்த முறை அவரே வழி சொல்வார்.

படி 5: ஒருமுறை நடந்து பாருங்கள், அதே திசையில்

வரைபடத்தில் பாதை இருக்கும், தரையில் முள்வேலி இருக்கும். ஓடை இருக்கும், அதில் இருந்த பலகை போன மழையில் போயிருக்கும். அதனால் தலைவர் ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு வாரம் முன்பு பாதையை முழுக்க நடந்து பார்த்துவிட வேண்டும். எந்தத் திசையில் குழு நடக்கப் போகிறதோ அதே திசையில். பாதை பிரியும் ஓர் இடம் போகும்போது தெரிவதும் வரும்போது தெரிவதும் ஒன்றல்ல.

எதையெல்லாம் குறிக்க வேண்டும்? எல்லா ஒற்றையடிப் பாதைப் பிரிவுகளையும், எங்கே நிழலில் உட்காரலாம் என்பதையும், கழிப்பறை எங்கே, கார் வந்து நிற்கக்கூடிய சாலை எங்கெங்கே குறுக்கிடுகிறது, மொபைல் சிக்னல் எங்கே போய் எங்கே திரும்பி வருகிறது என்பதையும். கடைசி இரண்டும்தான் நிஜமான அவசரத்தில் உதவும். நடுவழியில் விலக வேண்டியவர் எங்கே விலகலாம் என்பது தலைவரின் மனதில் இரண்டு இடமாவது இருக்கட்டும்.

அறிவிப்பு சின்னதாக, முழுதாக இருக்கட்டும். இப்படி:

"ஞாயிறு காலை 6:15க்குக் கூடுகிறோம், 6:30க்குப் புறப்பாடு. 9 கி.மீ., ஏற்றம் 180 மீ., சுற்றுப்பாதை. முதல் பாதி வரப்பு, பிறகு கல் நிறைந்த ஏற்றம், ஓர் ஓடையைக் கடக்க வேண்டும், கால் நனையலாம். 5வது கி.மீ.க்கு மேல் நிழல் இல்லை. கழிப்பறை தொடக்கத்தில் மட்டும். 9:45க்குள் முடியும். 4வது கி.மீ.யில் சாலை வரும், அங்கே முடித்துக்கொள்ளலாம். தண்ணீர் 2 லிட்டர். வானிலை மோசமானால் சனி இரவு 8 மணிக்குள் சொல்கிறோம்."

கூடும் நேரமும் புறப்படும் நேரமும் தனித்தனியாக இருப்பதைக் கவனியுங்கள். ஒரே நேரம் போட்டால் பாதிப் பேர் அந்த நேரத்துக்குக் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

படி 6: நடக்கும்போது

புறப்படும் முன் தலையை எண்ணுங்கள், எண்ணை எல்லாருக்கும் சொல்லுங்கள். "நாம் பதிமூன்று பேர்" என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தால், பன்னிரண்டாகும்போது யாராவது ஒருவர் கவனிப்பார். புதியவர்களைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்து, பழையவர் ஒருவரைக் கூட நடக்கச் சொல்லுங்கள்.

முன்னால் வழி தெரிந்தவர், பின்னால் கடைசி ஆள். கடைசி ஆளுக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும், முதலுதவிப் பை அவரிடம்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் பிரச்சினை பெரும்பாலும் பின்னால்தான் வரும். யாரும் அவருக்குப் பின்னால் தங்கிவிடக்கூடாது. புதர் பக்கம் ஒதுங்குபவர் தன் பையைப் பாதை ஓரத்தில் வைத்துவிட்டுப் போகட்டும், கடைசி ஆள் பையைப் பார்த்ததும் நிற்பார்.

பிரிவுகளில் ஆளைத் தொலைக்காமல் இருக்க ஒரு அருமையான முறை உண்டு. பாதை பிரியும் இடம் வந்ததும், தலைவருக்கு அடுத்து இரண்டாவதாக வருபவர் அங்கேயே நின்று வருபவர்களுக்கு வழி காட்டுவார். கடைசி ஆள் வந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த பிரிவில் அப்போது இரண்டாவதாக இருப்பவர் நிற்பார். இப்படியே போனால் வரிசை எவ்வளவு நீண்டாலும் ஒருவரும் தவறான பக்கம் திரும்ப முடியாது, தலைவரும் நின்று நின்று போக வேண்டியதில்லை. இன்னொரு லாபமும் இருக்கிறது, வரிசை தானாகக் கலைந்து மாறிக்கொண்டே இருப்பதால் எப்போதும் முன்னாலேயே ஓடும் ஆட்கள் பின்னால் வந்து மற்றவர்களோடு பேச வேண்டியிருக்கும்.

வேகம் சரியா என்று தெரிந்துகொள்ள கருவி எதுவும் வேண்டாம். மிதமான நடையில் பேச முடியும், பாட முடியாது. முன்னால் சிரிப்பும் அரட்டையும் கேட்கிறது, பின்தங்கி நடப்பவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றால் வேகம் அதிகம், அவ்வளவுதான். அவரிடம் போய் "முடியுதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் "முடியுது" என்றுதான் சொல்வார்கள். அவரை முன்னால், தலைவருக்கு அடுத்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். வேகம் தானாகச் சரியாகும். ஓய்வு என்பது கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகு தொடங்க வேண்டும், ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ அதிலிருந்துதான் எண்ண வேண்டும்.

வேகமாக நடப்பவர்கள் அலுத்துக்கொள்வார்கள், அவர்களும் பாவம்தான். அவர்களுக்கு வேலை கொடுங்கள், பிரிவில் நிற்பது, கடைசியில் வருவது என்று. அதுவும் போதவில்லை என்றால் தனித் தலைவரோடு இன்னொரு நாள் வேக நடை வைப்பது நல்லது, ஒரே குழுவை இழுத்து இழுத்து ரப்பர் ஆக்க வேண்டாம். பதினைந்து பேருக்கு மேல் போனால் எப்படியும் இரண்டாகப் பிரிப்பதே என் வழக்கம்.

நிலத்தில் நடக்கும் மரியாதை எளிது. பயிருக்குள் இறங்காமல் ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக. வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். மாடுகள் தண்ணீர் குடிக்கப் போவதற்காக யாரோ வேண்டுமென்றே திறந்து வைத்திருக்கலாம். பழத்தோலும் குப்பைதான், திரும்பக் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கரில் பாட்டு வேண்டவே வேண்டாம். ஒதுங்க வேண்டியிருந்தால் நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் அளவுக்குக் குழி தோண்டி, மூடிவிட்டு வாருங்கள்.

நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும் பக்கமாக நடங்கள். கன்றோடு நிற்கும் மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள், சுற்றிப் போனால் ஐந்து நிமிடம்தான் கூடும். நாய் குரைத்தால் ஓடாமல், கண்ணைப் பார்க்காமல், மெதுவாகக் கடந்துவிடுங்கள்.

படி 7: எதிர்பாராதது நடந்தால்

இடிச் சத்தம் கேட்டாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். மேட்டிலிருந்து இறங்குங்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கட்டடத்துக்குள் அல்லது மூடிய காருக்குள் போங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

வெயிலில் ஒருவர் பேச்சு குழறினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ, "களைப்பு" என்று விடாதீர்கள். அது வெப்பத் தாக்காக இருக்கலாம், உயிருக்கு ஆபத்து. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே உதவிக்கு அழையுங்கள். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடித்த காலை அசைக்காமல் வைத்து, அவரை நடக்க விடாமல், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மருத்துவமனை.

உதவிக்கு அழைக்கும்போது இடத்தைச் சொல்லத் தெரிய வேண்டும். "பெரிய மரத்துக்குப் பக்கத்துல" என்றால் யாராலும் வர முடியாது. மொபைல் வரைபடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுப்பது எப்படி என்று இன்றே வீட்டில் பழகிவிடுங்கள்.

படி 8: வாரா வாரம் நடப்பது

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். தொடங்கிய குழுக்களில் பல முதல் மழைக்காலத்திலேயே கலைந்துவிடுகின்றன, காரணம் மழையல்ல, "இந்த வாரம் இருக்கா இல்லையா?" என்ற கேள்வி. கிழமையையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். இரண்டே பேர் வந்தாலும் நடங்கள், பாதையைச் சுருக்கிக்கொள்ளலாம், ரத்து மட்டும் வேண்டாம். ஆபத்தான வானிலை என்றால்தான் ரத்து, அதுவும் அறிவித்த நேரத்துக்குள்.

ஒரே ஆள் எல்லா வாரமும் நடத்தினால் ஒரு வருடத்தில் அவர் சலித்துப்போவார், குழுவும் அவரோடு போய்விடும். நான்கு பேர் முறை வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக நடத்துபவரை முதலில் கடைசி ஆளாக நான்கைந்து முறை வரவிடுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் பாதை தெரியும், பின்னாலிருந்து பார்த்தால்தான் ஆட்கள் தெரிவார்கள்.

முடிந்ததும் மறுபடி எண்ணுங்கள், புறப்பட்ட எண் வந்ததா என்று. யாருடைய படத்தையும் கேட்காமல் எங்கும் பகிராதீர்கள். வீட்டுக்குப் போனதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் பக்கம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எண்ணெய் தடவுவது, சுடுவது எல்லாம் வேண்டாம், நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துவிட்டு, கடித்த தேதியைக் குறித்து வையுங்கள். ஷூ நனைந்திருந்தால் அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள், ராத்திரி ஒருமுறை தாளை மாற்றுங்கள். அடுத்த வாரத்துக்குள் நன்றாகக் காய்ந்துவிடும்.